மூன்று சிறுபோகம் கண்ட கறுப்புக் கண்ணாடி

நேற்று என் கறுப்புக் கண்ணாடியின் பிணைச்சல் ஆணி கழன்று வரம்பில் எங்கேயோ விழுந்துவிட்டது. கிளிநொச்சிப் பக்கம் பரந்தன் சந்தியில் மணிக்கூடு திருத்துகிற அண்ணர் ஒருவர் வேறு ஆணி போட்டுத் தந்தார், 150 ரூபா. அந்த நேரம் பார்த்து மச்சான் போன் எடுத்து, "உன்ரை கண்ணாடி விலை இறங்கியிருக்கு, வாங்கலாமோ?" என்றான். எனக்கு வந்த கோபத்தில் பதிலே சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் அதை வடிவுக்கு வாங்கவில்லை. இடது கண்ணில், மூக்குப் பக்க வெள்ளைவிழியில் சதை வளரத் தொடங்கியிருந்தது. வயல், கடல் என்று வெயிலில் கிடக்கிறவர்களுக்கு வருகிறது. காதுப் பக்கத்தால் சரிந்து வரும் வெயிலைக் கருவிழி வில்லை மாதிரிக் குவித்து மூக்குப் பக்கத்தில் விழுத்துகிறது என்று கண் டொக்டர் விளங்கப்படுத்தினார். ஆகவே எவ்வளவு கறுப்பு என்று பார்க்காதீர்கள், பக்கத்தை மூடுகிறதா, புற ஊதாக் கதிரை மறிக்கிற 'யூவி 400' குறி இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கறுப்பு என்றால் இருட்டுக்குக் கண்மணி விரிந்து, புற ஊதாக் கதிர் இன்னும் தாராளமாக உள்ளே போகும். எங்கள் பக்கம் சூரியன் ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நேரே உச்சிக்கு வருகிறது. சிறுபோக நெல் விதைக்கும்போது ஒரு தரம், அறுக்கும்போது ஒரு தரம்!

என்னுடையது போலரைஸ்ட், தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற கூச்சத்தை வெட்டுகிற வகை. வாய்க்கால் தண்ணீர் தகரம் மாதிரி மினுங்குகிற மத்தியானத்திலும் அடியில் கிடக்கிற பாசி, மீன்குஞ்சு, வரம்பைத் துளைத்த நண்டு வளை எல்லாம் தெரியும். முதல் நாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் மீன் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதே போலரைஸ்ட்தான் மூன்று வருடமாக என் உயிரை எடுக்கிறது. போனைச் சரித்துப் பிடித்தால் திரை கறுத்துப்போகும். கழற்று, வரம்பில் வை, மற, தேடு, மிதி. பெரியவர்களோடு கதைக்கவும் கழற்ற வேண்டும். "கண்ணைக் காட்டிக் கதையடா" என்பா பெரியம்மா. ஆணி கழன்றதும் இப்படிக் கழற்றிக் கழற்றித்தான்.

வெயிலை மறைத்தால் விற்றமின் டி குறையாதோ என்றும் மச்சான் கேட்டான். அது தோலில் ஊறுவது, கண்ணில் இல்லை. நிழல் ஆளை விடக் கட்டையாக விழுகிற வெயிலில்தான் நன்றாக ஊறும், விடிய வருகிற இளவெயிலில் பெரிதாக இல்லை. யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் இல்லவே இல்லை. கொஞ்ச நேரம் கை கால் படக் காய்ந்தால் போதும், எங்களைப் போலக் கறுத்த தோலுக்கு இன்னும் கொஞ்சம் கூட. டேய், நாள் முழுக்க வயலில் நிற்கிற எனக்கு அந்தக் கவலை இல்லை. குளிரூட்டிக்குக் கீழே இருக்கிற நீதான் யோசிக்க வேண்டும்.

சதை இன்னும் பெருக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் வாங்காதே. வேறு ஏதாவது பார். விலை இறங்கினதை எந்தக் கடையில் கண்டாய் என்று மட்டும் சொல்லு, அப்பாவுக்கும் ஒன்று எடுக்க வேண்டும்.