மேனுவல் கியர் காருக்கு ரிமோட் ஸ்டார்ட் கிட் வாங்குமுன் இதைப் படியுங்கள்

கார் அலாரமும் ரிமோட் ஸ்டார்ட்டும் சேர்ந்த கிட் ஒன்றை 6,500 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கி, நானே மாட்டி, இப்போது கழற்றியும் வைத்துவிட்டேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் விற்ற கடையின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை. இதே கருப்புப் பெட்டி பல பெயர்களில் விற்பனையில் இருக்கிறது, ஸ்டிக்கர் மட்டும்தான் மாறுகிறது. அதனால் உள்ளே என்ன இருந்தது என்று சொல்கிறேன். நீங்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய காரணம் எளிது. எங்கள் ஊர் வேலூர். மே மாத மதியம் வெளியே நின்ற காரில் அம்மாவை உட்காரச் சொல்ல மனசு வராது. ரிமோட்டை அழுத்தினால் என்ஜின் ஓடி ஏசி வேலை செய்யும், ஐந்து நிமிடத்தில் உள்ளே உட்காரும்படி ஆகிவிடும். பெட்டியின் மேல் நான்கு விஷயம் அச்சடித்திருந்தார்கள்: மேனுவல் கியருக்கும் பாதுகாப்பானது, ரோலிங் கோடு ரிமோட், இம்மொபைலைசர் பைபாஸ் உள்ளது, இன்சூரன்ஸில் தள்ளுபடி கிடைக்கும். நான்கும் பொய். அதில் முதல் பொய்தான் ஆளைக் கொல்லக்கூடியது.

மேனுவல் காரில் ரிமோட் ஸ்டார்ட்டின் பிரச்சினையே கியர்தான். டிரைவிங் ஸ்கூலிலேயே 'மேட்டில் நிறுத்தினால் முதல் கியரில் போட்டு நிறுத்து' என்று சொல்லிக் கொடுப்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அப்படி நிற்கிற வண்டிக்கு யாரோ மாடியிலிருந்து ரிமோட்டில் செல்ஃப் அடித்தால் வண்டி முன்னால் துள்ளும். என்ஜின் பிடித்துக்கொண்டால் நிற்காமல் போகும். சாவி போட்டு ஸ்டார்ட் செய்யும்போது கிளட்ச்சை மிதிக்கிற கால் இருக்கிறது, ரிமோட்டுக்குக் கால் கிடையாது.

அதற்காகவே ஒழுங்கான கருவிகளில் ஒரு முறை வைத்திருப்பார்கள். வண்டியை நிறுத்தும்போது என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சாவியை எடுக்க வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். இறங்கிக் கதவைச் சாத்திப் பூட்டிய பிறகுதான் அது அணையும். சாவி இல்லாமல், கிளட்ச்சில் கால் இல்லாமல் என்ஜின் ஓடியதே வண்டி நியூட்ரலில் இருந்ததற்குச் சாட்சி. அதன் பிறகு ஒரு கதவு திறந்தாலும், பானெட் தூக்கினாலும், ஹேண்ட்பிரேக் இறங்கினாலும் அந்த அனுமதி ரத்தாகி, ரிமோட் ஸ்டார்ட் வேலை செய்யக் கூடாது. வண்டி கழுவ வந்த பையன் உள்ளே போய் கியரைத் தட்டிவிட்டிருக்கலாம் இல்லையா?

என் கிட்டிலும் இதற்கான ஒயர்கள் எல்லாம் இருந்தன. கதவுக்கு நீலம், ஹேண்ட்பிரேக்குக்குப் பச்சை, பானெட் சுவிட்சுக்குச் சாம்பல். காகிதத்தில் போட்டிருந்த நிறமும் கையில் இருந்த நிறமும் பொருந்தவில்லை என்பது தனிக் கதை, மல்டிமீட்டரை வைத்துச் சரிபார்த்துத்தான் மாட்டினேன். மாட்டி முடித்ததும் முன் சக்கரம் இரண்டையும் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டுச் சோதித்தேன். முறைப்படி நியூட்ரலில் விட்டு இறங்கினேன். அப்புறம் கதவைத் திறந்து, முதல் கியரில் போட்டு, கதவைச் சாத்தி, தள்ளி நின்று ரிமோட்டை அழுத்தினேன். ஸ்டார்ட் ஆனது. சக்கரங்கள் சுழன்றன. ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்துக்குத்தான், அது இழுத்தபடியே இருந்தது. பானெட்டைத் திறந்து வைத்தும் பார்த்தேன், அப்போதும் ஸ்டார்ட் ஆனது.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் புரிந்தது. பானெட் ஒயரும் ஹேண்ட்பிரேக் ஒயரும் வந்து சேர்கிற பின்கள் போர்டில் எதனோடும் இணைக்கப்படவில்லை. சாலிடர் செய்து சும்மா நிறுத்தியிருக்கிறார்கள். கதவு ஒயர் அலாரத்துக்கு மட்டும் போகிறது. ஸ்டார்ட் பகுதிக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. பார்வைக்கு எல்லாப் பாதுகாப்பும் இருக்கிற மாதிரி ஒயர் தொங்கவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதில் உச்சம், மாட்டத் தொடங்கியபோதே அவர்களுடைய உதவி எண்ணில் கிடைத்த ஆலோசனை. "சார், கிளட்ச் சுவிட்சுக்கு வர்ற ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி டேப் அடிச்சிடுங்க. ஹேண்ட்பிரேக் ஒயரை பாடியில எர்த் பண்ணிடுங்க. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றோம்." எல்லாருக்கும்! கிளட்ச் மிதிக்காமல் செல்ஃப் அடிக்கக் கூடாது என்று கார் செய்தவர்கள் வைத்த காவலை ஒரு முழம் டேப்பில் முடித்துவிடுகிறார்கள். கிளட்ச் சுவிட்ச் உள்ள மேனுவல் காரில் அதைத் தாண்டாமல் எந்த ரிமோட் ஸ்டார்ட்டும் ஓடாது என்பது உண்மைதான். ஆனால் அதை ரிமோட்டில் ஸ்டார்ட் ஆகிற அந்த நொடிக்கு மட்டும் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், செய்ய வேண்டும். நிரந்தரமாக முறுக்கிவிட்டால், சாவி போட்டாலும் கியரில் துள்ளும். நான் ரிலே வைத்துத்தான் செய்தேன்.

ரோலிங் கோடு கதைக்கு வருகிறேன். ரோலிங் கோடு என்றால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ரிமோட் வேறு எண்ணை அனுப்ப வேண்டும், பக்கத்தில் ஒருவன் பிடித்து வைத்தாலும் பயன்படாது. இந்த ரிமோட்டின் மூடியைத் திறந்தால் உள்ளே இருந்தது இவி1527 சிப். அது எப்போதும் ஒரே எண்ணைத்தான் அனுப்பும், கேட் ரிமோட்களில் இருப்பது. சந்தையில் மலிவாகக் கிடைக்கிற காப்பி ரிமோட்டில் அதைப் பதிவு செய்தேன், ஒரே முயற்சியில் என் காரின் பூட்டு திறந்தது. அலாரம் மாட்டி கார் திருட்டை எளிதாக்கியிருக்கிறேன் என்றால் சிரிக்கவா அழவா?

இம்மொபைலைசர் பைபாஸ் இன்னும் மோசம். சாவியின் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது, இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் (காயில்) அதைப் படித்த பிறகுதான் என்ஜின் ஓடும். இந்தக் காவலுக்குப் பெயர்தான் இம்மொபைலைசர், சாவி போடாமல் அதைத் தாண்டுவது பைபாஸ். பைபாஸ் என்று அவர்கள் தந்தது ஒரு சின்ன டப்பா. அதற்குள் நம் ஸ்பேர் சாவியைப் போட்டு டேஷ்போர்டுக்குள் ஒளித்துவைக்க வேண்டுமாம். இந்த முறை உலகம் முழுக்க உண்டு, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ரிமோட்டில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் அந்தச் சாவியை இணைக்க ஒரு ரிலே இருக்க வேண்டும். இதில் இல்லை. அந்தச் சாவி கம்பிச் சுருளோடு எப்போதும் இணைந்தே இருக்கிறது. அதாவது பூட்டை உடைத்துத் திருப்புகிற எவனுக்கும் கார் ஸ்டார்ட் ஆகும். சோதனை முடிந்ததும் ஸ்பேர் சாவியை வெளியே எடுத்துவிட்டேன்.

ஒயர் தடிமன் பற்றி ஒரு வார்த்தை. ரிலேக்களில் 30 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது, அதிலிருந்து வரும் ஒயர் போன் சார்ஜர் ஒயர் மாதிரி. இக்னிஷன், ஸ்டார்ட்டர் ஒயர்களை 4 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றி, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் போட்டேன். அப்படியே மாட்டியிருந்தால் ஏசி புளோவரை நான்கில் வைத்ததும் இன்சுலேஷன் இளகியிருக்கும்.

பேட்டரி தனி. பூட்டி நிற்கிற காரில் எல்லாம் அடங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இழுத்தால் சரி. இந்த கிட்டோடு 280 இழுத்தது. என் பேட்டரி 35 ஆம்பியர்-மணி (Ah). 35ஐ 0.28ஆல் வகுத்தால் 125 மணி நேரம், ஐந்து நாளில் முற்றிலும் காலி. செல்ஃப் அடிக்கிற தெம்பு அதற்கு வெகு முன்பே போய்விடும். தீபாவளிக்கு ஊருக்கு ரயிலில் போய்விட்டு வந்தால் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இன்சூரன்ஸ் தள்ளுபடி புணேயில் உள்ள ஏஆர்ஏஐ என்ற வாகன ஆய்வு நிறுவனம் அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவிக்கு உண்டு: சொந்த சேதப் பிரீமியத்தில் (நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்காகக் கட்டுகிற பங்கில்) 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். இந்தப் பெட்டிக்கு அந்தச் சான்றிதழைக் கேட்டேன், ஒரு மங்கலான லோகோவை அனுப்பினார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு மாறியது. முதலில் "நீங்க சரியா மாட்டலை". போர்டின் படத்தை அனுப்பியதும் "ஒயரை வெட்டிட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க முடியாது". ஒயரை வெட்டாமல் மாட்டக்கூடிய கிட் எது என்று கேட்டேன், எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். உங்களுக்கு இப்படி நடந்தால் அங்கேயே மல்லுக்கட்டாதீர்கள். 2020இன் மின் வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தால் எண் ஒன்று தருவார்கள். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நான் அந்தக் கட்டத்தில் இருக்கிறேன். பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ எடுங்கள், முறையான ஜிஎஸ்டி பில் தராதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

சட்டத்திலும் ஒன்று இருக்கிறது, விற்கிற யாரும் சொல்ல மாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 126ஆம் பிரிவின்படி பொது இடத்தில் வண்டி நின்றால் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ஜின் அணைந்து பிரேக் போட்டிருக்க வேண்டும். தெருவில் நிற்கிற காரை வீட்டுக்குள்ளிருந்து ஓடவிட்டால் அதை மீறியதாகும். மூடிய ஷெட்டுக்குள் ஓடவிட்டால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆபத்து.

ஏற்கெனவே இப்படி ஒரு கிட் மாட்டியிருப்பவர்கள் இந்த வாரமே சோதித்துவிடுங்கள். முன் சக்கரத்தில் ஓடும் கார் என்றால் நான் செய்தது போலத் தூக்கி நிறுத்தி, எதிரே யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, நியூட்ரலில் விட்டு இறங்கிய பிறகு கதவைத் திறந்து மூடிவிட்டு ரிமோட்டை அழுத்துங்கள். ஸ்டார்ட் ஆனால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கு உரியவை என்பதால் அவற்றைத் தொடாமல், கிட்டிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரைப் பிரித்து முனைக்கு டேப் சுற்றிவிடுங்கள். முறுக்கிய கிளட்ச் ஒயர்களையும் பழையபடி சுவிட்சில் சேருங்கள். அலாரம் அது இல்லாமலும் வேலை செய்யும்.