வேலரண்டா, சிஎஸ் 2-வா? கொழிஞ்சாம்பாறை லைனில் எது ஓடும்

தமிழ்நாடு-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் பிசியில் ஷூட்டர் ஆடும் கூட்டத்தில் வேலரண்டா, சிஎஸ் 2 எனும் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-ஆ என்ற சண்டை ஓய்வதில்லை. ஃபோனில் பிஜிஎம்ஐயும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸும் ஆடி அலுத்து, கஷ்டப்பட்டு ஒரு பிசி வாங்கி வைத்ததும் எழுகிற முதல் கேள்வியே இதுதான். இரண்டும் இலவசம், இரண்டும் ஐந்துக்கு ஐந்து, இரண்டிலும் முதலில் 13 ரவுண்டு எடுப்பவர்களுக்கு வெற்றி. எது உசத்தி என்று யூடியூபில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அதில் பாதி எல்லையோரத்துக்குப் பொருந்தாது. இங்கே முடிவு செய்பவை வேறு: நெட் லைன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, மெஷின் எவ்வளவு பழசு, கூட ஆட எத்தனை பேர்.

முதலில் லைன். வேலரண்டுக்கு நமக்கு வாய்த்தது மும்பை சர்வர். சிஎஸ் 2-க்கு அதன் கம்பெனியான வால்வ் மும்பையிலும் வைத்திருக்கிறது, சென்னையிலும் வைத்திருக்கிறது. பாலக்காட்டிலிருந்து நேர்கோட்டில் சென்னை சுமார் 470 கிலோமீட்டர், மும்பை சுமார் 1000. ஃபைபருக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஆக, போய்த் திரும்ப சென்னைக்கு 5 மில்லிசெகண்டும் மும்பைக்கு 10 மில்லிசெகண்டும் ஆகும். கணக்கில் சென்னைதான் பக்கம்.

ஆனால் பாக்கெட் (நெட்டில் போகும் தரவுத் துண்டு) பஸ் ரூட்டில் போவதில்லை. பொள்ளாச்சிப் பக்கமிருந்து இழுத்த ஃபைபர் என்றால் பெரும்பாலும் கோவை வழியாகச் சென்னை போகும், பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், மில்லிசெகண்டில்) கணக்கை ஒட்டியே வரும். அதே தெருவில் பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் லைன் கொச்சி போய் அங்கிருந்து மும்பையைத் தொட்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்புகிற மாதிரி அமைந்திருந்தால், சென்னை சர்வரின் பிங் மும்பையைவிட அதிகமாகக் காட்டும். அடுத்தடுத்த இரண்டு வீட்டில் இரண்டு விதம் வருவது இதனால்தான். அதனால் புது லைன் எடுக்கும் முன் பக்கத்து வீட்டு லைனில், இரவு ஒன்பது மணிக்கு, கமாண்ட் பிராம்ப்டில் ட்ரேஸ்ரூட் (பாக்கெட் எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் கட்டளை) ஓட்டிப் பாருங்கள். காலை பத்து மணிக்குப் பார்த்து ஒரு பயனும் இல்லை. ஊரே சீரியலும் கிரிக்கெட்டும் ஓட்டுகிற நேரத்தில் லைன் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

வேலரண்டில் லாபியிலேயே சர்வர் வாரியாகப் பிங் தெரியும். சிஎஸ் 2-இல் சர்வரைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க முடியாது. செட்டிங்ஸில் அதிகபட்ச மேட்ச்மேக்கிங் பிங் என்று ஒரு வரம்பு இருக்கிறது, அதை வைத்தே கேம் ஆள் தேடும். 60 வைத்துத் தொடங்கலாம். 30-க்குக் கீழே இறக்கினால் இரவு பதினொன்றுக்கு மேல் மேட்ச் கிடைக்காமல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

பிங் எண்ணைவிட அது ஆடுகிற ஆட்டம்தான் உயிரை வாங்கும். நிலையாக 55 இருந்தால் பழகிவிடலாம். 20-க்கும் 90-க்கும் இடையில் குதித்தால் எந்த எய்மும் நிற்காது. சிஎஸ் 2-இல் டெலிமெட்ரி, வேலரண்டில் வீடியோ செட்டிங்ஸுக்குள் இருக்கும் ஸ்டாட்ஸ், இரண்டிலும் பாக்கெட் லாஸை, அதாவது வழியில் தொலையும் பாக்கெட் அளவை, திரையில் போட்டு வையுங்கள். லாஸ் தெரிந்தால் முதல் வேலை வைஃபையை விட்டு லேன் கேபிள் போடுவது. கேட் 5இ போதும். கேபிள் போட முடியாத வீடென்றால் குறைந்தது 2.4-ஐ விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். அதற்குப் பிறகும் லாஸ் தொடர்ந்தால் மட்டும் சிஎஸ் 2-இல் பஃபரிங்கை ஒரு பாக்கெட்டுக்கும், வேலரண்டில் நெட்வொர்க் பஃபரிங்கை மாடரேட்டுக்கும் ஏற்றலாம். இரண்டும் சும்மா வருவதில்லை. ஆட்டம் வழுக்கலாக ஓடும், ஆனால் எதிரி ஒரு கண்ணிமைப்பு தாமதமாகத் தெரிவான்.

ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் ரேங்க் ஆடுவதை எல்லையில் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரே அறைக்குள் ஃபோன் தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் மாறி மாறித் தாவும். ஒவ்வொரு தாவலிலும் பிங் எகிறும். வேறு வழியே இல்லையென்றால் ஆட்டோமேட்டிக் நெட்வொர்க் தேர்வை அணைத்துவிட்டு, ஃபோனை ஒரே ஜன்னலோரம் வைத்து அசைக்காமல் விடுங்கள்.

அடுத்தது கரண்டு. துலாமழை (வடகிழக்குப் பருவமழை) மாதங்களில் சாயங்காலம் இடி இடித்தாலே லைன் போகும், வந்தாலும் வோல்டேஜ் இறங்கிக் கிடக்கும். நடு மேட்சில் விழுந்தால் சிஎஸ் 2-இல் தடை 30 நிமிடத்தில் தொடங்கும். அடுத்தடுத்து விழுந்தால் 2 மணி நேரம், 24 மணி நேரம், கடைசியில் 7 நாள். வேலரண்டிலும் தடை உண்டு, ரேங்க் புள்ளியும் போகும். இரண்டுமே மன்னிக்காது, எனவே இந்த விஷயத்தில் கேமை மாற்றிப் பயனில்லை. யுபிஎஸ் வாங்குவதுதான் வழி. 600 விஏ யுபிஎஸ் ஒரு சாதாரண கேமிங் பிசியைப் பத்து நிமிடம் தாங்கினாலே பெரிது, அது அந்த மேட்சை முடிக்கப் போதாது. வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால் அதை யுபிஎஸ் மோடில் போடுங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் நீளம், பிசி ரீஸ்டார்ட் ஆகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. யுபிஎஸ் மோடில் உள்வரும் வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே போனால் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். தென்னந்தோப்பு மோட்டார்களெல்லாம் ஓடுகிற நேரத்தில் மெயின் இருந்தும் பேட்டரி காலியாவது இப்படித்தான். ரூட்டருக்குத் தனியாக 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்தே ஆக வேண்டும். பிசி உயிரோடு இருந்து ரூட்டர் செத்தால் தடை தடைதான்.

மெஷின் விஷயத்தில்தான் இரண்டும் நன்றாகப் பிரிகின்றன. 2023 செப்டம்பரில் முந்தைய பதிப்பான சிஎஸ்:கோவின் இடத்தில் சிஎஸ் 2 வந்தபோது பழைய பிசிகள் பல திணறின. 85 ஜிபி இடம் கேட்கிறது. புகைக் குண்டு விரிந்து பரவும் முப்பரிமாணப் புகையாகிவிட்டதால், அதற்குள் நிற்கும்போது பழைய கிராஃபிக்ஸ் கார்டில் எஃப்பிஎஸ் (நொடிக்கு ஓடும் படங்கள்) பாதியாகச் சரியும். வேலரண்ட் அப்படியில்லை. கார்டே இல்லாத ரைசன் 5 5600ஜி-யிலும் 1080பி, லோ அமைப்பில் 100 எஃப்பிஎஸ்ஸைத் தாண்டும். ஒரே நிபந்தனை, 16 ஜிபி ரேமை ஒற்றைக் குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாக வாங்க வேண்டும். ஒற்றைக் குச்சியில் சேனல் பாதியாகி, உள் கிராஃபிக்ஸ் மூச்சு வாங்கும். அசெம்பிள் செய்யும் கடைகள் அடிக்கடி செய்யும் தவறு இது, பில்லைப் பார்த்துக் கேளுங்கள்.

வேலரண்டின் முட்டுக்கட்டை வேறு: வேன்கார்ட். விண்டோஸ் தொடங்கும்போதே கர்னல் மட்டத்தில், அதாவது விண்டோஸின் அடி ஆழத்தில், ஏறி உட்காரும் ஆன்ட்டிசீட் (ஏமாற்றைத் தடுக்கும் மென்பொருள்) அது. விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இல்லையென்றால் வேன் 9001 என்று பிழை காட்டி வெளியே தள்ளும். பயாஸில் இன்டெல் போர்டானால் பிடிடி, ஏஎம்டி போர்டானால் எஃப்டிபிஎம் (டிபிஎம்முக்கு அந்தந்தப் போர்டில் உள்ள பெயர்) ஆன் செய்து, பழைய பூட் முறையான சிஎஸ்எம்மை அணைத்து, செக்யூர் பூட்டை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு சிஎஸ்எம்மை அணைப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். விண்டோஸ் இருக்கும் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய வகையாக இருந்தால் பிசி பூட்டே ஆகாது. முதலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் வகையைப் பாருங்கள். எம்பிஆர் என்றால் டேட்டாவை வேறெங்காவது எடுத்து வைத்துவிட்டு விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் மாற்றிய பிறகுதான் பயாஸைத் தொடலாம். பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்பு எண்ணை எழுதி வையுங்கள். மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டில் சிஎஸ்எம் போனால் திரையே வராது. இத்தனை பாடுபட்டதற்குப் பலன், வேலரண்டில் ஏமாற்றுக்காரர்கள் குறைவு. சிஎஸ் 2-இன் ஆன்ட்டிசீட்டான வேக் இந்த அளவுக்கு உள்ளே நுழைவதில்லை. இரவு நேர லாபியில் சுவர் தாண்டிப் பார்த்துச் சுடுகிறவனைச் சந்திக்கத் தயாராக இருங்கள்.

ஆட்டத்துக்கு வருவோம். சிஎஸ் 2-இல் ஏகே-47 விலை 2700, தலையில் ஒரே குண்டு, ஹெல்மெட் இருந்தாலும் ஆள் காலி. வேலரண்டின் வேண்டல் துப்பாக்கி 2900. எந்தத் தூரத்திலும் தலைக்கு 160 டேமேஜ். முழுக் கவசத்தோடு எதிரியிடம் இருப்பதே 150, அதனால் அதுவும் ஒரே குண்டு. அங்கே இன்னொரு துப்பாக்கியான ஃபேன்டம் கிட்டத்தில் 156, தூரம் கூடினால் 140. தூரத்துச் சண்டையில் ஃபேன்டம்காரன் தலையில் சுட்டும் சாவது இதனால்தான். ஏகேயின் ஸ்ப்ரே (விடாமல் சுடும்போது குண்டுகள் போகும் பாதை) வடிவம் மாறாதது. ஒர்க்‌ஷாப் பயிற்சி மேப்பில் தினம் அரை மணி நேரம் சுவரில் சுட்டால் கைக்கு வந்துவிடும். வேலரண்டில் சில குண்டுகளுக்குப் பின் ஸ்ப்ரே இடம் வலமாகத் தன்னிஷ்டத்துக்குப் போகும், அதனால் மூன்று நான்கு குண்டாக விட்டு விட்டுச் சுடுவதே சரி. உழைப்புக்குக் கூலி சிஎஸ் 2-இல் நிச்சயம் என்பது என் கட்சி.

பணக் கணக்கிலும் சிஎஸ் 2 கறார். தோற்றால் 1400-இல் தொடங்கி அடுத்தடுத்த தோல்விக்கு 500 கூடி 3400 வரை போகும். வேலரண்டில் 1900, 2400, 2900. முதல் தோல்விக்குக் கிடைக்கும் காசில் சிஎஸ் 2 எழும்ப விடாது, சேர்ந்து சேமிக்கத் தெரியாத டீம் அங்கே சிதறும். எதிரி வைத்த வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்ய சிஎஸ் 2-இல் 10 வினாடி, 400 கொடுத்துக் கிட் வாங்கினால் 5. வெடிகுண்டு 40 வினாடியில் வெடிக்கும். வேலரண்டின் வெடிகுண்டான ஸ்பைக்குக்கு 45 வினாடி, செயலிழக்கச் செய்ய 7, ஆனால் பாதி முடித்தால் அந்த வேலை அழியாது. சிஎஸ் 2-இலிருந்து வேலரண்டுக்குத் தாவுகிறவர்கள் மவுஸ் சென்சிடிவிட்டியை 3.18-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: சிஎஸ் 2-இல் 1.2 என்றால் வேலரண்டில் 0.377.

ஸ்கின்னுக்கு (ஆயுதத்தின் அலங்காரத் தோற்றம்) காசு போடுவதில் சுருக்கமாக: வேலரண்டில் வாங்கினால் விற்க முடியாது. சிஎஸ் 2-இல் விற்கலாம், ஆனால் ஸ்டீம் மார்க்கெட் 15 சதவீதம் பிடிக்கும், மீதி ஸ்டீம் வாலட்டிலேயே நிற்கும், வங்கிக்கு வராது. முதலீடு என்று சொல்லி விற்பவனை நம்பாதீர்கள். 2025 அக்டோபரில் ஐந்து சிவப்புத் தர ஸ்கின்னைக் கொடுத்து அரிய கத்தி ஸ்கின் எடுக்கலாம் என்று வால்வ் விதியை மாற்றியதும் கத்திகளின் விலை ஒரே நாளில் சரிந்தது.

கடைசியாகக் கூட்டம். மும்பை லாபியில் இந்திதான் ஓடும். ஊர் பெயர் சொல்லி வம்பிழுக்கிறவனும் இருப்பான். முதல் ரவுண்டிலேயே அவனை மியூட் செய்துவிட்டு மேப்பில் பிங் (இங்கே, இடத்தைக் காட்டும் குறி) போட்டு ஆடுவதே நல்லது. தனியாக ஆடுகிறவர்களுக்கு வேலரண்ட் இந்த வகையில் சற்று இலகு, பேசாமலே பிங்கிலும் ஸ்கில்லிலும் உதவ முடியும். சிஎஸ் 2-இலும் பிங் உண்டு, ஆனால் பெரும்பாலான தகவல் வாய் வழியாகத்தான் வர வேண்டும். கொழிஞ்சாம்பாறைக் கூட்டத்தில் தமிழும் மலையாளமும் கலந்து பேசினாலும் இடத்துக்கு ஒரே பெயர் வையுங்கள். ஒருவன் 'ஹெவன்' என்றும் இன்னொருவன் 'மேலே' என்றும் சொன்னால் இருவரும் சாவார்கள்.

எண்ணிக்கையும் முக்கியம். வேலரண்ட் ரேங்க் ஆட்டத்தில் தனியாகவோ, இரண்டாகவோ, மூன்றாகவோ, முழு ஐந்தாகவோ போகலாம். நாலு பேர் சேர்ந்து போக முடியாது. நாலு பேராகச் சேர்ந்தால் ஒருவன் வெளியே உட்கார வேண்டும், அல்லது சும்மா அன்ரேட்டட் ஆட வேண்டும். சிஎஸ் 2-இன் ரேங்க் ஆட்டமான பிரீமியருக்கு அந்தத் தடை இல்லை, நால்வரிடமும் பிரைம் (காசு கொடுத்து வாங்கும் கணக்குத் தகுதி) இருந்தால் போதும். பிரைம் ஒரு தடவைச் செலவு.