ஒளிப்பெட்டியா, ஊசியா? சொரியாசிஸுக்கு நான் ஊசிப் பக்கம் சாய்ந்தது ஏன்

தோலில் செதில் செதிலாகத் தடித்த திட்டுகள் வரும் சொரியாசிஸ் உடம்பில் கொஞ்சம் பரவிவிட்டால், இனிக் களிம்பு மட்டும் போதாது என்று மருத்துவர் சொல்லும் நாள் வரும். சிங்கப்பூரில் அப்போது பெரும்பாலும் மூன்று வழிகளைச் சொல்வார்கள்: குறும்பட்டை யுவிபி (புற ஊதாக் கதிரின் ஒரு குறுகிய பகுதி) ஒளி சிகிச்சை, மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரை, நோயைத் தூண்டும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் அடைக்கும் பயாலஜிக் ஊசி. நான் ஒளியில் தொடங்கி இப்போது ஊசியில் இருக்கிறேன். என் சாய்வு ஊசிப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இது ஒட்டுவாரொட்டி இல்லை, அழுக்கால் வருவதில்லை, அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. இதெல்லாம் தெரிந்த விஷயம். மூன்று வழியிலுமே பலருக்குத் தோல் தெளிகிறது. தெளிந்த தோலை அப்படியே வைத்திருக்க எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதில்தான் வித்தியாசம். அது ஏன் என்று தெரிய, தோலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

மேல்தோலின் செல் அடியில் பிறந்து, முதிர்ந்து, உதிர்வதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் திட்டில் அதே பயணம் நாலைந்து நாளில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்ததுதான் அந்த வெள்ளைச் செதில். இந்த அவசரத்தின் பின்னால் வளர்ச்சிக் காரணிப் புரதங்கள் இருக்கின்றன. டிஜிஎஃப்-ஆல்ஃபா, ஆம்ஃபிரெகுலின் இரண்டும் திட்டுகளில் அதிகம் காணப்படும். தோல் செல்லின் மேலிருந்து சேதி வாங்கும் இஜிஎஃப் ஏற்பி என்ற புரதத்தில் போய் ஒட்டி, செல்லைப் பெருகச் சொல்கின்றன. டிஜிஎஃப்-ஆல்ஃபாவைச் சுரப்பதும் அதே தோல் செல்தான். அதாவது செல் தன்னைத்தானே முடுக்கிக்கொண்டே இருக்கிறது. விஇஜிஎஃப் என்ற இன்னொரு புரதம் நுண்ணிய ரத்தக் குழாய்களை விரித்து வளர வைக்கிறது. செதிலைப் பிய்த்தால் புள்ளி புள்ளியாக ரத்தம் வருவது, இப்படி விரிந்த குழாய்கள் தோலின் மேல்மட்டம்வரை வந்து நிற்பதால்தான். நரம்பு வளர்ச்சிக் காரணியும் கூடுதலாக இருக்கும். ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பில் அதற்கும் பங்கு உண்டு.

அப்படியென்றால் இந்தப் புரதங்களையே அடைத்துவிட்டால் என்ன? இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. புற்றுநோய்க்காக செட்டுக்சிமாப், பெவாசிசுமாப் போன்ற மருந்துகள் ஏற்றப்பட்ட சிலருக்கு, கூடவே இருந்த சொரியாசிஸும் அடங்கியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. முதல் மருந்து இஜிஎஃப் ஏற்பியை அடைக்கும், இரண்டாவது விஇஜிஎஃபை. ஆனால் நல்ல தோலுக்கும் இஜிஎஃப் ஏற்பி தேவை; அதை அடைத்தால் முகத்திலும் மார்பிலும் பரு மாதிரி வெடிக்கும், தோல் வறண்டு பிளக்கும். விஇஜிஎஃபை அடைத்தால் காயம் ஆறத் தாமதமாகும், ரத்த அழுத்தம் ஏறும். வேறு ஒரு நோயும் இல்லாதவர் தோலுக்காக மட்டும் இந்த விலையைக் கொடுக்க முடியாது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. வளர்ச்சிக் காரணிகள் ஆணையை நிறைவேற்றுகிறவைதான். ஆணை மேலே இருந்து வருகிறது. தோல் செல்தான் கெட்டுவிட்டது என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1979இல், நோய் எதிர்ப்பைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தை வேறு காரணத்துக்காகக் கொடுத்தபோது சொரியாசிஸ் மறைந்தது. பார்வை எதிர்ப்பு மண்டலத்தின் பக்கம் திரும்ப அது ஒரு காரணம். இன்று தெரிந்த வரிசை இதுதான்: எதிர்ப்பு செல்கள் இன்டர்லூகின்-23 என்ற சேதி சொல்லும் புரதத்தைச் சுரக்கும், அது டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்களில் ஒருவகையை உசுப்பும், அவை இன்டர்லூகின்-17ஐ விடும், அதற்குப் பிறகுதான் தோல் செல் வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டும். பால் பொங்கும்போது நுரையை ஊதிக்கொண்டே நிற்கலாம், அல்லது அடுப்பைத் தணிக்கலாம். இன்டர்லூகின்-23 ஊசி அடுப்பைத் தணிக்கிற வேலை.

சரி, ஒளிக்கு வருவோம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. மாண்டலே சாலையில் இருக்கும் தேசிய தோல் நிலையத்திலும் பெரிய மருத்துவமனைகளின் தோல் பிரிவுகளிலும் கிடைக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு பெட்டிக்குள் நின்றால், சில விநாடிகளில் தொடங்கி வாரம் போகப்போகச் சில நிமிடங்கள். 311 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளி தோலில் இருக்கும் டி செல்களை மடியச் செய்கிறது, தோல் செல்லின் பெருக்கத்தையும் தணிக்கிறது. கர்ப்பிணிகளும் எடுத்துக்கொள்ளலாம். ஈரல் பரிசோதனை வேண்டியதில்லை. 'இந்த ஊர் வெயிலே போதாதா, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் போய்ப் படுத்தால் ஆகாதா?' என்று உறவினர்கள் கேட்பார்கள். வெயிலில் சுட்டுப் புண்ணாக்கும் கதிரும் கலந்தே வரும், அளவும் நம் கையில் இல்லை. தோல் கருகினால் அந்த இடத்திலேயே புதுத் திட்டு வரக்கூடும்.

என்னைத் தோற்கடித்தது அதன் பராமரிப்புதான். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, இரண்டு மூன்று மாதம், அதுவும் அலுவலக நேரத்தில். மேலாளர் நல்லவராக இருந்தாலும் எத்தனை தடவை முகத்தைப் பார்த்துக் கேட்பது? ஒரு வாரம் விட்டுப்போனால் ஒளியின் அளவைக் குறைத்து மறுபடி ஏற்ற வேண்டும். ஊரில் கல்யாணம், பிள்ளைக்குக் காய்ச்சல், வேலையில் அவசரம், எது வந்தாலும் பின்னுக்குப் போவோம். தலைமுடிக்குள் ஒளி நுழையாது; என் தொல்லையில் பாதி அங்கேதான் இருந்தது. மறைந்த திட்டு அநேகமாக அதே இடத்தில்தான் திரும்பி வரும். தோல் பார்வைக்குத் தெளிந்த பிறகும், பழைய தூண்டுதலை மறக்காத நினைவு டி செல்கள் அங்கேயே தங்கிவிடுவதுதான் காரணம். வந்ததும் மறுபடி முதல் சுற்றிலிருந்து.

ஊசியில் இந்தக் கணக்கே வேறு. இன்டர்லூகின்-23ஐ அடைப்பவை இரண்டைச் சொல்கிறேன். ரிசன்கிசுமாப் முதல் ஊசிக்குப் பிறகு நான்காம் வாரத்தில் ஒன்று, அப்புறம் 12 வாரத்துக்கு ஒரு முறை. குசெல்குமாப் 8 வாரத்துக்கு ஒன்று. இன்டர்லூகின்-17ஐ அடைக்கும் செக்குகினுமாப் மாதம் ஒன்று. டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தை அடைக்கும் அடாலிமுமாப் இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஆண்டில் விரல்விட்டு எண்ணும் தடவைதான் நோயைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது என்பது, தினமும் கருநிற உடையைத் தவிர்த்து வாழ்ந்தவருக்கு எவ்வளவு பெரிய விடுதலை! தலை, முழங்கை, நகம் எல்லாவற்றையும் ஒரே மருந்து பார்த்துக்கொள்கிறது. செதில் முதலில் போனது, தடிப்பு அடுத்து. நம் நிறத்துக்குக் கரும்புள்ளி மட்டும் சில மாதம் நிற்கும். அது நோய் இல்லை, ஆறிய இடத்தில் தங்கிய நிறம்.

மெத்தோட்ரெக்சேட் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், நான் எடுக்கவில்லை. விலை மலிவு, பல பத்தாண்டு அனுபவம் உள்ள மருந்து. வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே போட வேண்டும். தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. ரத்தப் பரிசோதனை தொடர்ந்து தேவை, மது தள்ளிவைக்க வேண்டும், குழந்தை பெறத் திட்டமிடுவோருக்கு ஆகாது. பலர் இதிலேயே நன்றாக இருக்கிறார்கள்.

இனி ஊசியின் குறைகள். முதலாவது பணம். சொரியாசிஸ் நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இருப்பதால் மெடிசேவ் என்ற நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தலாம், ஆனால் ஆண்டு வரம்பு உண்டு, ஊசியின் விலை அதைத் தாண்டிவிடும். அடாலிமுமாபுக்கு நிகராக வேறு நிறுவனங்கள் தயாரிக்கும் மருந்துகள் வந்து விலை இறங்கியிருப்பதால், பணம் தடையாக இருந்தால் அங்கே தொடங்குவது புத்திசாலித்தனம். மானியத் தகுதியை மருத்துவ சமூக ஊழியரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். இரண்டாவது, தொடங்குமுன் காசநோய், ஹெப்பட்டைட்டிஸ் பி பரிசோதனை செய்தே ஆக வேண்டும். உறங்கிக் கிடக்கும் காசநோய் நம்மில் பலருக்கு இருக்கலாம்; டிஎன்எஃப் ஊசிகள் அதை எழுப்பும் அபாயம் கூடுதல். மூன்றாவது, நிறுத்தினால் நோய் மெல்லத் திரும்பும். நான் ஊசியில் இருப்பது ஒரு வருஷத்துக்குச் சற்று மேல்தான், பத்து வருஷம் போட்டால் எப்படி என்று என் உடம்பை வைத்துச் சொல்ல முடியாது.

திட்டுகள் குறைவாக, கை கால்களோடு நின்றவர்களுக்கும், கர்ப்பமாக இருப்பவர்களுக்கும், வேலை நேரம் வளைந்து கொடுப்பவர்களுக்கும் ஒளியையே முதலில் சொல்வேன். ஆனால் சொரியாசிஸ் சிலருக்கு மூட்டையும் தாக்கும். காலையில் எழுந்தால் விரல்கள் இறுகி அரை மணிக்கு மேல் விடாமல் இருந்தாலோ, ஒரு விரல் முழுக்க வீங்கினாலோ, ஒளிப்பெட்டியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். மூட்டுக்குள் அந்த ஒளி போகாது. அந்த அறிகுறியைத் தோல் மருத்துவரிடம் அன்றே சொல்லி, மூட்டு மருத்துவரையும் பார்த்த பிறகு ஊசியைத் தேர்ந்தெடுங்கள்.