பிரசவ ரத்தப்போக்கை முன்கூட்டிக் கணிக்க: டிக் பட்டியலா, கால்குலேட்டரா?

எங்கள் லேபர் வார்டில் நான்கு மாதம் இரண்டையும் சேர்த்தே ஓட்டிப் பார்த்தோம். ஒன்று, பழைய ஆபத்துப் பட்டியல். கேஸ் ஷீட்டைப் புரட்டி, பிரசவத்துக்குப் பிறகு அதிகம் ரத்தம் போக வாய்ப்புள்ளவரா என்று பார்த்து, குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற மூன்று கட்டங்களில் ஒன்றில் டிக் போடுவது. மற்றது, வயது, எடை, ஹீமோகுளோபின், முந்தைய பிரசவங்கள் என்று விவரங்களைத் தட்டினால் சதவீதமாகப் பதில் சொல்லும் கால்குலேட்டர். கடைசியில் பட்டியலோடு நின்றுவிட்டோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

செலவு, பயிற்சி எல்லாம் பெரிய விஷயமில்லை. ஒன்றுக்குப் பேனா, இன்னொன்றுக்குக் கம்ப்யூட்டர். ஒரு வாரத்தில் இரண்டும் கைவந்துவிடும்.

துல்லியத்தில் கால்குலேட்டர் வகைதான் மேலே. அமெரிக்க மருத்துவமனைகளின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவப் பதிவுகளை வைத்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், இயந்திரக் கற்றல் மாதிரி ஒன்று (பழைய பதிவுகளிலிருந்து கணினியே கற்றுக்கொண்டு கணிக்கும் கால்குலேட்டர்) ஒன்றுக்கு 0.93 மதிப்பெண் வாங்கியது. ரத்தப்போக்கு வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் காட்டினால், நூற்றுக்கு 93 தடவை வந்தவருக்கே ஆபத்து கூடுதல் என்று சொல்லும் என்பது அதன் பொருள். பட்டியல் அதன் கிட்டேகூட வராது. 'குறைவு' கட்டத்தில் இருந்தவருக்கு ரத்தம் கொட்டியதைப் பார்க்காதவர் லேபர் வார்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 1000 பிரசவங்களில் 50 பேருக்கு அதிக ரத்தப்போக்கு வருகிறது என்று வைப்போம். வரப்போகிறவர்களில் 80 சதவீதத்தைப் பிடித்து, வராதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும் கருவி கையில் இருக்கிறது. அது 40 பேரைப் பிடிக்கும், 10 பேரைத் தவறவிடும், கூடவே 190 பேரை வீணாகப் பயமுறுத்தும். மணி அடித்த 230 பேரில் 40 பேருக்குத்தான் நிஜம். ஓரளவு நல்ல கருவிக்கே இந்தக் கதி என்றால், இரண்டு கருவிகளுக்கும் நடுவே உள்ள துல்லிய வித்தியாசத்துக்காக நான் பெரிதாகச் சண்டை போட மாட்டேன்.

என்னைப் பட்டியல் பக்கம் தள்ளியது வேறு ஒன்று: போட்ட கணிப்பை யார், எப்போது திருத்துவது? இந்த ரத்தப்போக்கில் பத்தில் ஏழு பங்கு, குழந்தை பிறந்த பிறகு கருப்பை சுருங்காமல் தளர்ந்து கிடப்பதால் வருவது. அதைத் தளர்த்துகிற காரணங்களில் பல, வலி எடுத்த பிறகுதான் தோன்றும். பிரசவம் நீண்டு இழுப்பது, வலியைக் கூட்ட மணிக்கணக்கில் ஓடும் ஆக்ஸிடோசின் டிரிப், நடுவில் வரும் காய்ச்சல். அப்புறம் குழந்தையை இழுத்தெடுக்க வாக்குவம், ஆயுதம் போட்டால் வரும் கிழிசல் தனி. 32-ஆவது வாரத்தில் இதில் எதுவுமே தெரியாது. மேலே சொன்ன ஆய்வுகூட, பிரசவத்துக்கு அட்மிட் ஆகும்போது கையில் இருக்கும் விவரங்களை வைத்துச் செய்ததுதான்.

ஒரு பெண். இரண்டாவது பிரசவம், ஒற்றைக் குழந்தை, ரத்தசோகை இல்லை. ஏழாம் மாதச் செக்கப்பில் கால்குலேட்டர் 3 சதவீதம் என்றது, பட்டியலும் 'குறைவு' என்றது. பிரசவ வலி பதினாறு மணி நேரம் இழுத்தது. இடையில் காய்ச்சல், கடைசியில் வாக்குவம். இரவு டூட்டி சிஸ்டர் கட்டிலில் மாட்டியிருந்த பட்டியல் தாளில் 'குறைவு' என்பதை அடித்துவிட்டு 'அதிகம்' என்று எழுதி, ரத்த வங்கிக்குச் சாம்பிள் அனுப்பினார். ஓ.பி. அறைக் கம்ப்யூட்டரில் அந்த 3 அப்படியே உட்கார்ந்திருந்தது. குழந்தை பிறந்த அரை மணியில் ஒரு லிட்டருக்கு மேல் போனது, ரத்தம் தயாராக இருந்தது. கால்குலேட்டருக்கும் புது விவரம் கொடுத்திருந்தால் எண் ஏறியிருக்கும். கொடுக்க அந்த நேரத்தில் ஆள் இல்லை. அதுபோக, வேறு மக்களின் பதிவுகளில் கற்றுக்கொண்ட மாதிரியை அவ்வப்போது நம் எண்களோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். அதற்கும் ஆள் வேண்டும்.

கால்குலேட்டரில் என் அனுபவம் அந்த நான்கு மாதம்தான். எல்லாப் பதிவும் கணினியிலேயே இருந்து, விவரங்கள் தானாக ஓடி வந்து எண் தானாக மாறுகிற இடத்தில் நான் வேலை செய்ததில்லை. அங்கே என் வாதம் நிற்காமல் போகலாம்.

கர்ப்ப காலத்திலேயே கணிப்பு உண்மையில் வேலை செய்யும் இடங்களும் உண்டு. நஞ்சு (நஞ்சுக்கொடி) கருப்பை வாயை மூடிக் கிடந்து, முன்பு ஒரு சிசேரியனும் ஆகியிருந்தால், நஞ்சு கருப்பைச் சுவரில் ஊடுருவி ஒட்டியிருக்கும் வாய்ப்பு சுமார் 11 சதவீதம். இரண்டு சிசேரியன் என்றால் 40, மூன்று என்றால் 61. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஸ்கேனும் பழைய தழும்பும் போதும். ரத்தசோகையும் அப்படித்தான், முன்பே பார்த்தால் முன்பே சரிசெய்யலாம்.

சரி, கணிப்பே எதற்கு, எல்லோரையும் ஆபத்தில் இருப்பவராகவே நடத்தலாமே என்று மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. அதற்கு வலுவான ஆதாரமும் இருக்கிறது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில், கண்ணால் மதிப்பிடாமல் அளவு குறித்த விரிப்பில் ரத்தத்தை அளந்து, குறித்த அளவைத் தாண்டியதும் சிகிச்சைகளை ஒரே மூச்சில் கொடுத்தார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் மரணம் ஆகியவை சேர்ந்து, வழக்கமான கவனிப்பில் 4.3 சதவீதம், இந்த முறையில் 1.6. அளக்கும் விரிப்பை நாங்களும் எல்லோருக்கும் போடுகிறோம், கட்டம் எதுவானாலும். ஆனால் பொருத்தம் பார்த்த ரத்தத்தைப் பத்து நிமிடத்தில் வரவழைக்க முடியாது, அதனால் யாருக்கு முன்பே சொல்லி வைப்பது என்ற கேள்வி போகாது.

இப்போது எங்கள் தாளில் நான்கு வரிசை: 28-ஆவது வாரம், அட்மிஷன், முக்கத் தொடங்கும் முன், நஞ்சு வந்த பிறகு. ஒவ்வொன்றுக்கும் நேரமும் கையெழுத்தும். நாலாவது வரிசை பாதி நாள் காலியாகவே கிடக்கிறது. குழந்தை பிறந்த பரபரப்பில் பேனா தேட யாருக்கும் கை ஒழிவதில்லை.