கம்ப்ரசரே இல்லாத ஃபிரிட்ஜுக்கு "கேஸ் ஏத்த" 17,500 ரூபாய் அழுதோம்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அப்பாவுக்கு அவமானமாக இருக்கும். ஆனால் இன்று காலை அந்தக் கடைக்காரர் போனில் "நீங்க கடலூர், அது தமிழ்நாடு. எங்க வாரண்டி பாண்டிக்குள்ளதாம்மா" என்று சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பணம் வாங்கப் புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டி வரும்போது அது தமிழ்நாடு என்று தெரியவில்லையா?

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அப்பா நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடம் முன்பு புதுச்சேரியில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது, படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய அவருடைய வேனை வாங்கினார். அம்மாவுக்கு இன்சுலின் போட வேண்டும், அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அதனாலேயே எங்கும் போகாமல் இருந்த அம்மா, இந்த வேன் வந்த பிறகுதான் பிச்சாவரம், தரங்கம்பாடி என்று ராத்தங்கல் போக ஆரம்பித்தார். எல்லாம் அந்தக் குட்டி ஃபிரிட்ஜ் இருக்கிற தைரியத்தில்.

அது சாதா ஃபிரிட்ஜ் இல்லை. சமையல் கேஸ் சிலிண்டரில் ஓடும். வீட்டு வாசலில் நிற்கும்போது கரண்ட்டிலும் ஓடும். கம்ப்ரசர், மோட்டார் எதுவும் கிடையாது, சத்தமே வராது. கீழே ஒரு சின்னத் தீ எரியும். அந்தச் சூட்டில் தண்ணீரிலிருந்து அமோனியா பிரிந்து ஆவியாகி மேலே போகும், அங்கே குளிர்ந்து திரவமாகும், கீழே இறங்கி ஹைட்ரஜனோடு சேரும்போது மறுபடி ஆவியாகி உள்ளே இருக்கிற சூட்டை உறிஞ்சும், பிறகு தண்ணீரிலேயே கரைந்து பழைய இடத்துக்கு வந்துவிடும். தீயை வைத்துக் குளிர வைக்கிறது என்பதை அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். 1922இல் சுவீடனில் இரண்டு இன்ஜினியரிங் மாணவர்கள் கண்டுபிடித்தது என்பதையும் விடமாட்டார். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

போன மாதம் சிலிண்டரில் போட்டால் குளிர்வதே இல்லை. தீ மஞ்சளாக எரிந்து, கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். வண்டி சாய்ந்து நின்றால் உள்ளே திரவம் ஓடாது என்பதால் அப்பா ரசமட்டம் வைத்து, சக்கரத்துக்கடியில் பலகை போட்டு நேராக்கிப் பார்த்தார். பலனில்லை. கரண்ட்டில் போட்டால் மட்டும் ராத்திரிக்குள் நன்றாகக் குளிர்ந்தது. இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலூரில் நாலு கடை ஏறி இறங்கினேன். படத்தைக் காட்டினாலே கையை விரித்தார்கள். பொய் சொல்லாமல் "தெரியாதும்மா" என்று அனுப்பினார்களே, அவர்களுக்கு இப்போது கும்பிடு போடத் தோன்றுகிறது. அப்புறம்தான் வீட்டுக்கே ஆள் அனுப்புகிற ஒரு ஆப்பில் பதிவு செய்தேன். நிறைய நட்சத்திரம், நிறையப் பாராட்டு. புதுச்சேரியில் இருக்கிற ஒரு ஏசி, ஃபிரிட்ஜ் சர்வீஸ் கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்.

அதில் பேசியவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நாங்கள் ஏமாந்தது அங்கேதான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. வேனுக்குள் ஏறும்போது செருப்பைக் கழற்றி வைத்தார். அம்மா கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். அப்பாவை "ஐயா, ஐயா" என்றார். என்னிடம் மட்டும் "சார் இல்லீங்களா மேடம்?" என்று கேட்டார். (சார் மஸ்கட்டில் இருக்கிறார். வேனைப் பற்றி என்னைவிட அவருக்கு ஒன்றும் தெரியாது.) பின்னால் இருந்த குழாயைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, டாக்டர் மாதிரி தலையை ஆட்டினார்.

"கேஸ் போயிடுச்சுங்க ஐயா. ஏத்தணும்."

அப்பா கேட்டார். "இதுல கம்ப்ரசரே கிடையாதே தம்பி?"

"இம்போர்ட்டட் மாடல்ல உள்ளயே சீல் பண்ணியிருப்பாங்க ஐயா. வெளில தெரியாது."

நானும் சொன்னேன், "கரண்ட்டில போட்டா குளிருதுங்க, சிலிண்டர்லதான் குளிரல." அதற்கு அவர் சிரித்துக்கொண்டே, "அதான் மேடம் சொல்றேன், கேஸ்தான் பிராப்ளம்." சிலிண்டரில் இருப்பதும் கேஸ், குழாய்க்குள் இருப்பதும் கேஸ். ஒரே வார்த்தையை வைத்து எங்கள் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார். நாற்பது வருடம் இயந்திரங்களோடு இருந்த அப்பா, அந்தப் பையனின் மரியாதைக்கு முன்னால் தன் சந்தேகத்தை விழுங்கிக்கொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, 17,500 ரூபாயைக் கூட அப்புறம்.

8,000 முன்பணம். ஃபிரிட்ஜைக் கழற்றி எடுத்துப் போய், நான்கு நாள் கழித்துக் கொண்டுவந்து மாட்டி, மீதி 9,500 வாங்கிக்கொண்டார்கள். பில்லில் கேஸ் சார்ஜிங், லீக் அடைப்பு, ஃபில்டர் மாற்றம் என்று எழுதியிருந்தது. ஆறு மணி நேரம் கழித்துத்தான் குளிரும், அதுவரை திறக்காதீர்கள் என்றார்கள். அது உண்மைதான், இந்த வகை மெதுவாகத்தான் குளிரும். அதனால் நம்பினோம். ஆறு மணி நேரம் ஆனது, மறுநாள் விடிந்தது. சிலிண்டரிலும் குளிரவில்லை, முன்பு ஒழுங்காக இருந்த கரண்ட்டிலும் குளிரவில்லை. கதவைத் திறந்தால் மூக்கில் ஏறுகிற மாதிரி ஒரு நெடி.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. முதல் நாள் "செட் ஆக டைம் எடுக்கும் மேடம்". இரண்டாவது நாள் "டெக்னீஷியன் லீவு". மூன்றாவது நாள் "ஓனர் ஊருக்குப் போயிருக்கார்". ஆப்பில் புகார் போட்டால் 48 மணி நேரத்தில் அழைப்போம் என்று பதில் வரும், 48 மணி நேரம் கழித்து "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று அவர்களே மூடிவிடுவார்கள். மூன்று முறை திறந்தேன், மூன்று முறை மூடினார்கள். நேரில் போனால், கடையில் உட்கார்ந்திருந்த பெண் என் 17,500 ரூபாய் பில்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க பில் புக்தான், ஆனா ஆள் இப்ப எங்ககிட்ட இல்ல" என்றாள்.

நேற்று அப்பாவோடு வேலை பார்த்த மாமா ஒருவர் விருத்தாசலத்திலிருந்து வந்தார். குளிரூட்டும் இயந்திரங்களிலேயே காலம் தள்ளியவர். பின்பக்கக் காற்றுத் தடுப்பைக் கழற்றி டார்ச் அடித்தார். இரண்டே நிமிடம்தான். பர்னர் மேல் துருச் செதில் கொட்டிக் கிடந்தது, மேலே புகை போகும் குழாயிலிருந்து உதிர்ந்தது. இங்கே உப்புக் காற்றுக்குக் கேட்கவா வேண்டும். பக்கத்தில் குளவி ஒன்று மண் கூடு கட்டியிருந்தது. தீ மஞ்சளாக எரிந்ததற்கு அதுதான் காரணம். பிரஷ் வைத்துத் தட்டி, பர்னருக்கு கேஸ் வருகிற சின்னத் துளையான ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. அதை அந்த மகானுபாவர்கள் தொடவே இல்லை.

அப்புறம் டார்ச்சைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார், பேச்சு நின்றுவிட்டது. "இந்தக் குழாயில யாருடா ஓட்டை போட்டது?" சாதா ஃபிரிட்ஜுக்குக் கேஸ் ஏற்றுகிற வால்வை அந்தக் குழாயில் பற்றவைத்து ஒட்டியிருந்தார்கள். சுற்றிலும் மஞ்சள் கறை. குழாய்க்குள் துருப்பிடிக்காமல் இருக்கப் போடுகிற ரசாயனம் அது, அமோனியாவோடு சேர்ந்து வெளியே வந்திருக்கிறது. இந்த வகை யூனிட்டைத் தொழிற்சாலையிலேயே நல்ல அழுத்தத்தில் அடைத்து மூடிவிடுவார்கள். கடையில் கேஸ் ஏற்றுகிற பேச்சே கிடையாது. ஒருமுறை ஓட்டை போட்டால் அவ்வளவுதான். "உள்ள ஹைட்ரஜன் இருக்கு, அவன் கண்ணு தப்பிச்சதே பெரிசு" என்றார் மாமா. எனக்கு அந்த நேரத்தில் அந்தக் கண்ணைப் பற்றிக் கவலைப்படத் தோன்றவில்லை.

ஆக, 17,500 ரூபாய் கொடுத்து நல்ல யூனிட்டைக் கொன்று வாங்கியிருக்கிறோம். புதிதாக வரவழைக்கக் கேட்ட விலைக்கு வீட்டுக்கு இரண்டு பெரிய ஃபிரிட்ஜ் வாங்கலாம்.

உங்களில் யாரிடமாவது இப்படி ஒன்று இருந்தால்: கரண்ட்டில் குளிர்ந்து சிலிண்டரில் குளிரவில்லை என்றால் குளிரூட்டும் யூனிட் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு பர்னர், ஜெட், ரெகுலேட்டர் பக்கம்தான். வண்டியை நேராக நிறுத்திவிட்டுப் பாருங்கள். மஞ்சள் தீயோடு மூடிய வண்டிக்குள் தூங்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். "கேஸ் ஏத்தணும்" என்று எவனாவது சொன்னால் மோர்கூடக் கொடுக்காதீர்கள். கழற்றி எடுத்துப் போகும் முன்பு பின்பக்கத்தை போட்டோ எடுங்கள். நான் எடுக்கவில்லை. நல்லவேளை, அப்பா வேன் வாங்கிய அன்று எடுத்தது இருக்கிறது, ஓட்டை இல்லாத குழாயோடு.

அந்த "தமிழ்நாடு, பாண்டி" கதையையும் நம்பாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. 1915 என்கிற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை பில்லையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு கடலூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். கடைப் பெயரை அதுவரை சொல்ல வேண்டாம் என்கிறார் தெரிந்த வக்கீல், அதனால் கேட்காதீர்கள்.

சிதம்பரத்திலிருந்து திண்டிவனம் வரைக்குள் இந்த வகை ஃபிரிட்ஜின் பழைய யூனிட் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். அடுத்த மாதம் வேளாங்கண்ணி போவதாக அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.