நீல வெள்ளைக் குளியலறைக்குக் கொடுத்த 4,60,000 ரூபாய்: புதுவீடு கட்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, கடலிலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் தொலைவில் நாங்கள் கட்டிய வீட்டில் நான் மிகவும் ஆசைப்பட்டுத் திட்டமிட்ட அறை, மாடியில் உள்ள குளியலறை. எட்டடிக்கு ஆறடி அளவுள்ள அந்த ஓர் அறையின் வேலைக்கு மட்டும் 4,60,000 ரூபாய் கொடுத்தோம். குடிபுகுந்த ஐந்தாம் மாதமே அதன் தரையை உடைக்க வேண்டியதாயிற்று. விவகாரம் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால், வேலையை எடுத்துச் செய்த உள் அலங்கார நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எந்த இடத்தில் எப்படி ஏமாந்தோம் என்பதை மட்டும், இதே ஆசையோடு வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கொச்சி மட்டாஞ்சேரியில், 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக் கூடத்தின் தரையைப் பார்த்ததிலிருந்து தொடங்கிய ஆசை அது. சீனாவிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட, கையால் வரையப்பட்ட நீல வெள்ளை ஓடுகள் அங்கே பதிக்கப்பட்டுள்ளன. கடற்கரை ஊரின் உப்புக்காற்றில் இத்தனை காலம் இருந்தும் அந்த நீலம் மங்கவில்லை. அதுபோன்ற ஆழ்ந்த நீலத்தில் சுவரின் கீழ்ப்பாதி, மேலே வெள்ளை, நீலச் சாயம் பூசிய மரப்பெட்டியின் மேல் வெள்ளைக் கைகழுவும் தொட்டி, துருப்பிடிக்காத எஃகில் துண்டுக் கம்பிகள் என்று மனத்தில் ஒரு படம் வைத்திருந்தேன். நிறுவனத்தின் வடிவமைப்பாளர் அதைக் கணினியில் வரைந்து காட்டியபோது, நான் நினைத்ததைவிட அழகாகவே இருந்தது. கேள்விகள் கேட்பதை நான் நிறுத்திக்கொண்டது அப்போதுதான் என்று இன்று தோன்றுகிறது.

முதல் தவறு ஒப்பந்தத்தாளிலேயே இருந்தது. டைல்ஸ், குழாய், எஃகுச் சாமான், பிளைவுட் என ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே தரத்தை எழுதி, அதன் பின்னால் "அல்லது அதற்கு இணையானது" என்று சேர்த்திருந்தார்கள். கடையில் சரக்கு இல்லாமற்போனால் வேறு நிறுவனத்துப் பொருளை வாங்க வசதியாக இருக்கும் என்று சொன்னார்கள், நானும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டேன். பின்னால் எழுந்த ஒவ்வொரு தகராறிலும் அவர்கள் அந்த மூன்று சொற்களைத்தான் எடுத்துக் காட்டினார்கள். எது இணையானது, அதை யார் தீர்மானிப்பது, மாற்றுவதற்கு முன் வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டுமா என்பவை எழுதப்படாத தாளில் அந்தத் தொடர் இருக்குமானால், அதை அடித்துவிட்டுப் பிறகு கையெழுத்திடுங்கள்.

டைல்ஸ் விஷயத்தில் நடந்தது இது. மாதிரியாக எங்களிடம் காட்டிய தரை ஓடு, நீர் உறிஞ்சும் அளவு 0.5 விழுக்காட்டுக்கு மேல் போகாத வைட்ரிஃபைட் வகை. கால் வழுக்காதபடி சொரசொரப்பானது. வந்து இறங்கியதோ, 10 விழுக்காட்டுக்கு மேல் நீர் உறிஞ்சக்கூடிய, சுவருக்கென்றே செய்யப்படும் பளபளப்பான செராமிக் ஓடு. மேல்பக்கத்து நிறமும் கோலமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததால் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, ஓடுகளைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்ட பிறகே எங்களை அழைத்தார்கள். இந்திய டைல்ஸ் தர நிர்ணயமான ஐ.எஸ். 15622இன்படி ஓடு எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதைப் பெட்டியின் மேலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதும், ஒரே தடவையில் தயாரான, ஒரே நிறச் சாயலுள்ள ஓடுகளைக் குறிக்கும் தொகுதி எண்ணும் அங்கேயே இருக்கும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. பெட்டி கிடைக்காவிட்டாலும் ஒரு வழி உண்டு: ஓட்டைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுவர் ஓடு அதைச் சட்டென்று குடித்துவிடும். வைட்ரிஃபைட் ஓட்டில் தண்ணீர் அப்படியே நிற்கும். எங்கள் தரையில் ஈரக்காலோடு நின்ற என் மாமியார் இரண்டு முறை வழுக்கி, கதவைப் பிடித்துத் தப்பினார். வயதானவர்கள் உள்ள வீட்டில் இந்த ஏமாற்று வேலையைப் பணத்தோடு மட்டும் சேர்த்துக் கணக்கிட என்னால் முடியவில்லை.

நீலத்திலும் இரண்டு தொகுதிகளைக் கலந்து ஒட்டியிருந்தார்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கத்துச் சுவர் கருநீலமாகவும் எதிர்ச்சுவர் சற்றே ஊதா கலந்ததாகவும் தெரிகிறது. வெள்ளையில் இந்த வேறுபாடு அவ்வளவாகக் கண்ணில் படாது. ஆழ்ந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், தேவையான மொத்தத்தையும் ஒரே தொகுதி எண்ணில், உடைசலுக்காக ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்து, ஒரே நேரத்தில் வாங்கிவிட வேண்டும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. பெரிய மோசடி ஓட்டுக்கு அடியில் இருந்தது. நீர்ப்புகாப் பூச்சுக்கென்று தனியாக 38,000 ரூபாய் வாங்கினார்கள். தரை முழுவதும், குளிக்கும் பக்கத்துச் சுவரில் ஆறடி உயரம் வரையும் இரண்டு கோட் பூச்சு. மூலைகளிலும் குழாய் துளைக்கும் இடங்களிலும் வலை வைத்து அடைப்பு. அதன்பின் வடிகாலை மூடித் தண்ணீர் தேக்கி 48 மணி நேரச் சோதனை. இவ்வளவும் ஒப்பந்தத்தில் இருந்தது. நாங்கள் அப்போது வாடகை வீட்டில், தாம்பரத்தில் இருந்தோம். "மேடம், வாட்டர்ப்ரூஃபிங் முடிந்தது, தண்ணீர் கட்டி டெஸ்டும் பார்த்துவிட்டோம், நாளைக்கு டைல்ஸ் ஆரம்பிக்கிறோம்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, நான்கு படங்களையும் அனுப்பினார்கள். சாம்பல் நிறப் பூச்சும் அதன்மேல் தேங்கிய தண்ணீரும் அவற்றில் தெளிவாகவே தெரிந்தன.

மூன்றாம் மாதம், குளியலறைக்கு நேர் கீழே உள்ள படுக்கையறையின் கூரை மூலையில் ஓதம் தெரிந்தது. அடுத்த சில வாரங்களில் சுண்ணம் உப்பி உப்புப் பூத்தது. நிறுவனத்தாரிடம் சொன்னபோது, புது வீட்டில் சிமெண்ட் காயும்வரை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அதை நம்பி ஒரு மாதத்தைக் கடத்தினோம். பிறகு விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வயதான கொத்தனார் ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் மரக்கட்டையால் ஓடுகளைத் தட்டித் தட்டிக் கேட்டார். பாதிக்கு மேற்பட்ட ஓடுகள், அடியில் வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தன. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். அது வடிகாலை நோக்கி ஓடாமல் கதவு நிலையை நோக்கி ஓடியது. நூறு அங்குலத்துக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் இருக்க வேண்டும் என்றும், இந்த அளவு அறையில் ஓட்டின் மேல் கோலிக்குண்டை வைத்தாலே தவறு தெரிந்துவிடும் என்றும் விளக்கினார். பிறகு ஒரு மூலையில் இரண்டு ஓடுகளைப் பெயர்த்துவிட்டு, "அம்மா, இதற்கு அடியில் வெறும் சிமெண்ட் கலவைதான் இருக்கிறது, பூச்சு என்று ஒன்றுமே இல்லை" என்றார்.

அன்றிரவு அந்த நான்கு படங்களையும் மீண்டும் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் குளியலறையில் கதவுக்கு எதிரே நின்றால் ஜன்னல் இடப்பக்கம் இருக்கும். படத்தில் அது வலப்பக்கம் இருந்தது. சுவரில் குழாய் வரும் துளைகளின் எண்ணிக்கையும் பொருந்தவில்லை. வேறு யாருடைய வீட்டிலோ எடுத்த படங்களை எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். படத்தை நம்பி எந்த வேலையையும் ஏற்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். தண்ணீர் தேக்கும் நாளன்று ஒருநாள் விடுப்பு எடுத்தாவது நேரில் சென்று, தண்ணீரின் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் நீங்களே குறித்துவிட்டு வாருங்கள்; 48 மணி நேரம் கழித்து மீண்டும் சென்று, மட்டத்தையும் கீழ்த்தளக் கூரையையும் நீங்களே பாருங்கள். அதற்குப் பிறகே ஓடு ஒட்ட அனுமதியுங்கள்.

எஃகுச் சாமான்களின் கதை வேறு வகையானது, ஏனென்றால் அங்கே என் கண் முன்னாலேயே ஏமாற்றினார்கள். துண்டுக் கம்பி, சோப்புத் தட்டு, தரை வடிகாலின் சல்லடை மூடி எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் 304 என்ற தரம் என்று பேச்சு. வந்த பொருளின் மேல் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டவில்லை பாருங்கள், அசல் 304" என்றார் மேற்பார்வையாளர். ஆனால் 202 என்ற மட்டமான தரத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். விலை குறைவு, உப்புக்காற்றைத் தாங்கும் ஆற்றலும் குறைவு. எங்கள் சல்லடை மூடியில் நான்காம் மாதமே பழுப்புத் துரு படர்ந்தது, திருகுகள் அதற்கும் முன்பே துருப்பிடித்துவிட்டன. எஃகு விற்கும் கடைகளில் ஒரு சோதனைத் திரவம் வைத்திருக்கிறார்கள். ஒரு சொட்டு விட்டுச் சிறிய மின்கலத்தால் தொட்டால், மாங்கனீசு மிகுந்த 202 சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். கடலுக்கு இவ்வளவு அருகில் 304 கூடக் காலப்போக்கில் பழுப்புக் கறை காட்டக்கூடும் என்பதையும், மாலிப்டினம் சேர்ந்த 316 தரமே பொருத்தமானது என்பதையும் வேலை எடுத்தவர்கள் எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். கடற்கரை பாணி என்று படம் போட்டுக் காட்டியவர்களுக்குக் கடற்காற்று என்ன செய்யும் என்பது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

தொட்டிக்குக் கீழுள்ள பெட்டிக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் மெரைன் பிளைவுட் என்று விலை போட்டிருந்தார்கள். நீலச் சாயத்துக்கு அடியில் இருந்தது, மர இழைகளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை. அடிப்பாகம் ஊறி உப்பிய ரொட்டிபோல் ஆகிவிட்டது. ஓடுகளின் இடைவெளியை அடைக்க, கறை பிடிக்காத எபாக்சி குரோட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, சாதாரண வெள்ளைச் சிமெண்ட் குரோட்டைப் போட்டிருந்தார்கள். இரும்புச்சத்துள்ள எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் பட்டு, வெள்ளைக் கோடுகள் எல்லாம் மஞ்சளாகிவிட்டன.

பணம் கொடுத்த முறையிலும் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டோம். முன்பணமாக 2,30,000, பொருள்கள் வந்து இறங்கியதும் 1,84,000 என்று, ஓர் ஓடுகூட ஒட்டப்படுவதற்கு முன்பே பத்தில் ஒன்பது பங்கைக் கொடுத்துவிட்டோம். மீதி 46,000 ரூபாயைக் கிரகப்பிரவேசத்துக்கு முதல்நாள், சாவி கைக்கு வர வேண்டும் என்ற அவசரத்தில் கொடுத்தோம். நீர்ச்சோதனை முடிந்த பிறகு ஒரு பங்கு, மூன்று மாதம் குளியலறையைப் புழங்கிய பிறகு இன்னொரு பங்கு என்று எழுதி வாங்கியிருந்தால், அவர்கள் திரும்ப வந்து பார்ப்பதற்காவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

தரையை முழுவதும் உடைப்பதற்கு முன், எங்களோடு தொடர்பில்லாத ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து எழுத்துப்பூர்வமான அறிக்கை வாங்கினோம். உடைக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் தேதியோடு படமெடுத்தோம். கோபத்தில் முதலில் உடைத்துவிட்டால் சாட்சியமும் குப்பையோடு போய்விடும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தோம். நிறுவனம் பதில் சொல்லாததால் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பினோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாக இருந்தால் கட்டணம் கிடையாது. ஜி.எஸ்.டி. ரசீது இல்லாமல் பணத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னபோது என் கணவர் மறுத்துவிட்டார். இன்று எங்கள் கையில் உள்ள ஆவணங்களில் உறுதியானது அந்த ரசீதுதான்.

வழக்குத் தொடுத்த பிறகு, 60,000 ரூபாய் தருகிறோம், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இதுபற்றி எங்கும் பேசமாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நாங்கள் ஒப்பவில்லை. தரையையும் பூச்சையும் புதிதாகச் செய்ய எங்களுக்கு மேலும் 1,70,000 ரூபாய் ஆயிற்று. இந்த முறை தண்ணீர் தேக்கிய இரண்டு நாளும் நான் வீட்டிலேயே இருந்தேன். பென்சில் குறி ஒரு நூல்கூட இறங்கவில்லை. இரண்டு நீலமும் கலந்த சுவரை மாற்றப் பணம் இல்லாததால் அப்படியே விட்டிருக்கிறோம். பெயர்த்த ஓடுகள், ஊறிய பலகை, துருப்பிடித்த சல்லடை மூடி ஆகியவை ஒரு சாக்கில் கட்டி, அடுத்த விசாரணைக்காகப் பரணில் இருக்கின்றன.