படகு குஷனுக்குப் புது உறை: ரெக்சினா, அக்ரிலிக் துணியா?

மேலாகப் பார்த்தால் குஷன் நன்றாகத்தான் இருக்கும். ஓரத்தில் ரெண்டு விரிசல், மூலையில் கொஞ்சம் கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். கையை வைத்து அழுத்துங்கள், ஜிப் ஓரமாகத் தண்ணீர் கசியும். தையலை நகத்தால் கீறுங்கள், நூல் பொடியாக உதிரும். உல்லாசப் படகு குஷன் பெரும்பாலும் இப்படித்தான் சாகிறது, உள்ளேயிருந்து. ஆனால் உறை மாற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "என்ன கலர் போடலாம்?" என்பதுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதனால்தான் ஒரே குஷனை ரெண்டு தடவை தைக்க வேண்டியதாயிற்று.

முதலில் மேல்துணி. போட்டியில் இருப்பவை இரண்டுதான். ஒன்று மரைன் வினைல், நாம் ரெக்சின் என்று சொல்கிற வகையறா, ஆனால் வெயிலையும் பூஞ்சையையும் தாங்கும் மருந்து கலந்தது. இன்னொன்று கரைசலிலேயே சாயம் ஏற்றிய அக்ரிலிக் துணி. சன்பிரெல்லா என்ற பெயரில் பலருக்கும் தெரிந்திருக்கும். கிளென் ராவன் நிறுவனம் 1961-ல் வெய்யில் பந்தல்களுக்காகக் கொண்டுவந்தது, பிறகு படகுக்கு வந்து சேர்ந்தது. வீட்டு சோபா ரெக்சினைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. திறந்த வெயிலில் அது சீக்கிரமே காய்ந்த ஓலை மாதிரி ஆகிவிடும்.

வினைலின் பலம், தண்ணீர் உள்ளே போகாது என்பது. மீன் ரத்தமோ சேறோ, ஈரத்துணியால் துடைத்துவிட்டு உட்காரலாம். பின்பக்கம் பின்னல் துணி ஒட்டியிருப்பதால் இழுத்தால் நீளும், வளைந்த இருக்கையிலும் சுருக்கமில்லாமல் படியும். பலவீனம் வெயிலில் தெரியும். அரைக்கால் சட்டையோடு மத்தியானம் உட்கார்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதை மென்மையாக வைத்திருக்கும் ரசாயனம் காலப்போக்கில் வெளியேறிவிடும், அப்புறம் தையல் ஓரமாக வெடிக்கும். கொசுவிரட்டித் தைலம் பட்டால் இன்னும் மோசம். வெள்ளை வினைலில் திடீரென்று ரோஸ் நிறக் கறை வந்தால் தேய்த்துக் கையை நோகடித்துக்கொள்ளாதீர்கள். பின்னால் ஈர ஃபோமில் வளரும் நுண்ணுயிரியின் சாயம் வினைலுக்குள் ஊறி வந்தது அது. மேலே எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

அக்ரிலிக்கில் இழை பிறக்கும் முன்பே நிறம் கலந்துவிடும். மஞ்சள் கிழங்கை எங்கே நறுக்கினாலும் மஞ்சள்தானே, அந்த மாதிரி. அதனால் வெயிலில் லேசில் வெளுக்காது, பூஞ்சை படிந்தால் பிளீச் கலந்த தண்ணீரில் கழுவினாலும் நிறம் போகாது. காற்று புகும், உடம்பில் ஒட்டாது. ஆனால் மழைக்கோட்டு மாதிரி அது நீர்புகாத் துணி அல்ல. மேலே இருக்கும் நீர்விலக்கிப் பூச்சு தேயத் தேயத் தண்ணீர் இறங்கும், மறுபடி ஸ்ப்ரே அடிக்க வேண்டும். இழுபடவும் செய்யாது, வெட்டிய ஓரம் பிரியும். சூடான கத்தியால் வெட்டினால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும்.

என் தீர்ப்பு: ஓட்டுநர் இருக்கை, வளைவுள்ள இருக்கை, மீன்பிடிக்கிறவர்கள் மிதிக்கும் இடம் எல்லாம் வினைல். பெட்டி வடிவ மெத்தை, சாய்ந்து படுக்கும் இடம் அக்ரிலிக். கேபினுக்குள் இரண்டும் அவசியமில்லை, வெயில் படாத இடத்தில் நல்ல சோபாத் துணியே போதும்.

இனி நான் சறுக்கிய இடம், ஃபோம். அக்ரிலிக் உறைக்குள் சாதாரண சோபா ஃபோமைத் திணித்தேன். உட்கார அருமையாக இருந்தது, முதல் பெருமழை வரைக்கும். ஸ்பாஞ்ச் மாதிரி குடித்துவிட்டது, ஒரு வாரம் வெயிலில் வைத்தும் நடுப்பகுதி காயவில்லை, பிறகு நாற்றம். தண்ணீர் இறங்கும் துணிக்கு ஏற்ற ஜோடி, சீக்கிரம் காயும் வலை மாதிரியான ஃபோம். கண் பெரிதாகத் திறந்திருக்கும், மேலே ஊற்றினால் கீழே கொட்டிவிடும். ஆனால் உறையின் அடிப்பக்கம் வலைத்துணியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்கிய தண்ணீர் எங்கே போகும்? மூடிய கண் ஃபோம் தண்ணீரே குடிக்காது. ஆனால் கட்டாந்தரை மாதிரி இருக்கும், மெல்லிய இருக்கைக்கு அல்லது அடி அடுக்குக்குச் சரி. வினைலுக்கும் அடியில் காற்றுப்போக்கு வேண்டும், இல்லையென்றால் யாராவது தொப்பென்று உட்கார்ந்ததும் உள்ளே அடைபட்ட காற்று தையலைப் பிளக்கும்.

நூலில் பருத்தி வேண்டாம், மக்கிவிடும். நைலான் வெயில் தாங்காது. மீதி பாலியஸ்டரும், டெஃப்லான் இனத்து பி.டி.எஃப்.இ நூலும். பி.டி.எஃப்.இ-யை வெயில் ஒன்றும் செய்யாது. ஆனால் விலை கூட, வழுக்கும், மெஷினில் இழுவிசையைச் சரிசெய்யப் பொறுமை வேண்டும். வினைலுக்கு அது வீண்செலவு, நூல் அப்படியே இருக்கும்போது வினைல் போய்விடும். அக்ரிலிக்கில் கதை தலைகீழ்: துணி நன்றாக இருக்க, பாலியஸ்டர் தையல் முதலில் விடும். அங்கே நல்ல நூலுக்குச் செலவு செய்யலாம். வினைலில் இன்னொன்று, தையலை நெருக்கிப் போடாதீர்கள். ஊசித்துளைகள் தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாகி, அந்தக் கோட்டிலேயே கிழியும். 18-ஆம் நம்பர் ஊசியில் 5 மில்லிமீட்டர் நீளத் தையல் எனக்குச் சரியாக வந்தது.

ஜிப் பிளாஸ்டிக் பல், ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்காத எஃகு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நாமே தைப்பதா, கடைக்குக் கொடுப்பதா? பெட்டி வடிவ மெத்தை என்றால் வீட்டிலேயே முடியும். பழைய உறையைத் தையல் பிரித்து, துண்டுக்குத் துண்டு எண் போட்டு, அதையே அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஃபோமை உறையைவிட ஒரு சென்டிமீட்டர் பெரிதாக வெட்டினால் மேல்துணி தொய்யாமல் நிற்கும். பைப்பிங்கும் (தையல் ஓரத்தில் கயிறு வைத்துத் தைக்கும் விளிம்பு) மடிப்புமாக வளைந்த ஓட்டுநர் இருக்கையைக் கைதேர்ந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது "ஃபோம் எது போடுறீங்க, நூல் எது?" என்று கேளுங்கள். பதில் "நல்லதாப் போடுறேன் சார்" என்று மட்டும் வந்தால், இரண்டையும் நீங்களே வாங்கிக் கொடுப்பது உத்தமம்.